கடல் அலை முன்கணிப்பிலிருந்து கரை வெள்ளம் வரை: மாடலை எந்த வரிசையில் கட்டுவது?

ஸ்வான் (SWAN) என்ற கரையோர அலை மாடலை இறக்கி, கூடவே வரும் மாதிரிக் கோப்பை ஓட்டி, கலர் கலராக ஓர் அலை உயர வரைபடம் எடுக்க ஒரு மதியப் பொழுது போதும். அந்த வரைபடத்தை நம்பி ஒரு கரையோர ஊருக்கு எச்சரிக்கை கொடுக்கலாமா என்று கேட்டால்தான் கை நடுங்கும். புதிதாக வருபவர்களைப் பார்த்தவரை, சமன்பாடு புரியாமல் மாட்டிக்கொள்பவர்கள் குறைவு; வேலையை வரிசை மாற்றிச் செய்து மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம். ஆழத்தரவு தப்பாக இருக்கும்போதே கடலடி உராய்வு எண்ணைத் திருக ஆரம்பிப்பார்கள், அளவீட்டோடு எப்படியோ ஒத்துப்போகும், அடுத்த புயலில் எல்லாம் கலைந்துபோகும். அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒரு படி முடியாமல் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

1. முதலில் கேள்வியை எழுதுங்கள்

ஒரே வரி போதும்: எந்த இடத்துக்கு, எத்தனை நாள் முன்னால், எந்த அளவு தெரிய வேண்டும்?

படகு வெளியே போகலாமா என்பதற்குத் திறந்த கடலின் அலை உயரமும் காலமும் (ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே ஆகும் விநாடிகள்) போதும். சாலை வரை தண்ணீர் வருமா என்பதற்கு அலை மாடல் பாதி வேலைதான். ஓதம் (தினசரிக் கடல் ஏற்ற இறக்கம்), புயல் எழுச்சி (புயல் கரைப்பக்கம் உயர்த்தும் நீர்மட்டம்), கரைச்சரிவு, நில மட்டம் எல்லாம் சேர வேண்டும். 100 ஆண்டுக்கு ஒருமுறை வரும் அலைக்குத் தடுப்புச் சுவர் வடிவமைக்கிறீர்கள் என்றால் அது முன்கணிப்பே அல்ல, பல பத்தாண்டுத் தரவை ஓட்டி எடுக்கும் புள்ளியியல் வேலை.

எந்த மாடல் என்பதும் இந்தக் கேள்வியிலிருந்துதான் வரும். வேவ்வாட்ச் 3, வாம், ஸ்வான் மூன்றும் அலைகளின் ஆற்றலை அதிர்வெண், திசை வாரியாகக் கணக்கிடுபவை; இந்தப் பங்கீட்டுக்குத்தான் ஸ்பெக்ட்ரம் என்று பெயர். ஒவ்வொரு அலையையும் தனித்தனியாகக் காட்டாது. பெருங்கடலுக்கு முதல் இரண்டும், கரையோரத்துக்கு ஸ்வானும் வழக்கம். மணற்பரப்பில் அலை ஏறி இறங்குவதும் மணல்மேடு அரிபடுவதும் வேண்டுமென்றால் எக்ஸ்பீச் மாதிரி ஒன்று தேவை. புயல் எழுச்சிக்கு ஆட்சர்க், டெல்ஃப்ட்3டி, ஷிஸம். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுவ நினைக்காதீர்கள்.

2. ஓட்டுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

லினக்ஸ் இயந்திரம், ஃபோர்ட்ரான் கம்பைலர், பல செயலிகளில் ஒரே நேரத்தில் ஓட்ட எம்பிஐ, தரவுக் கோப்புகளுக்கு நெட்சிடிஎஃப் நூலகம், அவற்றைப் படிக்கப் பைத்தானில் எக்ஸ்அரே. இவ்வளவு இருந்தால் ஆரம்பிக்கலாம்.

இதைவிட முக்கியமாக, உங்கள் பகுதியில் அலையை அளக்கும் ஒரு மிதவையின் அளவீடாவது முதலிலேயே கையில் இருக்கட்டும். எல்லாம் ஓட்டி முடித்த பிறகு அளவீடு தேடினால், கிடைக்கும் அளவீட்டுக் காலமும் நீங்கள் ஓட்டிய காலமும் ஒன்றாக இருக்காது. மிதவைத் தரவு எங்கே, எந்த மாதத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எந்தக் காலத்தை ஓட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும்.

3. ஆழத்தரவு: பாதி நேரத்தை இங்கே செலவழியுங்கள்

ஓர் அலை தன் நீளத்தில் பாதி ஆழத்துக்கு வந்ததும் கடலடியை உணரத் தொடங்கும். ஆழ்கடலில் அலைநீளம் 1.56 பெருக்கல் அலைக்காலத்தின் வர்க்கம். 8 விநாடி அலை என்றால் சுமார் 100 மீட்டர் நீளம், 50 மீட்டர் ஆழத்தில் உணரும். 16 விநாடி ஸ்வெல் (தொலைவில் பிறந்து வரும் நீள அலை) என்றால் 400 மீட்டர் நீளம், 200 மீட்டர் ஆழத்திலேயே திசை திரும்ப ஆரம்பித்துவிடும். உங்கள் கிரிட் (மாடல் கணக்கிடும் கட்டவலை) எவ்வளவு தூரம் கடலுக்குள் நீள வேண்டும், எங்கிருந்து நல்ல ஆழத்தரவு வேண்டும் என்பதை இந்தக் கணக்குதான் சொல்லும்.

கடலடி ஆழத்துக்கான ஜெப்கோவின் உலகக் கிரிட் இலவசம், 15 வில்விநாடி இடைவெளி, அதாவது நிலநடுக்கோட்டருகே சுமார் 460 மீட்டர். வெளிக் கிரிட்டுக்கு அது தாராளமாகப் போதும். கரையிலிருந்து ஓரிரு கிலோமீட்டருக்குள் அதை நம்பாதீர்கள்: அங்கே பல இடங்களில் அளந்த புள்ளிகளே இருக்காது, இடைச்செருகல்தான் (தூரத்துப் புள்ளிகளை வைத்து ஊகித்து நிரப்பியது) இருக்கும். கரையோரத்துக்குக் கடற்பயண வரைபடமோ எக்கோசவுண்டர் அளவீடோ தேட வேண்டும்.

அங்கேதான் அடுத்த கண்ணி. கடற்பயண வரைபடத்தின் ஆழம் தாழ் ஓத மட்டத்திலிருந்து அளக்கப்பட்டது, மாலுமிக்குப் பாதுகாப்பான பக்கம் நிற்பதற்காக. ஜெப்கோ சராசரிக் கடல் மட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. நிலத்தின் உயரத்தரவுக்கோ ஜியாய்டு (புவியீர்ப்பை வைத்து வரையறுத்த மட்டம்) அடிப்படை. மூன்றையும் அப்படியே ஒட்டினால் ஒட்டிய கோட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படிக்கட்டு உருவாகும், அலைகள் அந்தப் படிக்கட்டில் உடையும். எல்லாவற்றையும் ஒரே அடிமட்டத்துக்கு மாற்றி, எந்த எண்ணைக் கூட்டினீர்கள் என்று ஒரு கோப்பில் எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து நீங்களே கேட்பீர்கள்.

அடிக்கடி பார்க்கும் தவறுகள்:

குறி. ஜெப்கோவில் கடல் எதிர்ம எண். ஸ்வானுக்கு ஆழம் நேர்ம எண்ணாக வேண்டும். மாற்றாமல் விட்டால் கடல் வறண்டு, மலைகளின் மேல் அலை ஓடும்.

வரிசை. ஸ்வானுக்குக் கொடுக்கும் கோப்பை மேலிருந்து கீழாகப் படிப்பதா கீழிருந்து மேலாகப் படிப்பதா என்பதை ஐடிஎல்ஏ என்ற எண் தீர்மானிக்கிறது. தப்பாகக் கொடுத்தால் கரை வடக்கு தெற்காகப் புரண்டு நிற்கும், மாடல் ஒரு பிழைச்செய்தியும் தராமல் சமர்த்தாக ஓடி முடிக்கும்.

அதனால் மாடல் உள்ளே படித்த ஆழத்தையே வெளியே எழுதச் சொல்லி வரைந்து பாருங்கள். நீங்கள் கொடுத்த கோப்பை வரைந்து பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை.

4. காற்று

நன்கு வளர்ந்த கடலில் அலை உயரம் ஏறக்குறைய காற்று வேகத்தின் வர்க்கத்தோடு போகிறது. காற்றில் 10 சதவீதப் பிழை என்றால் அலையில் 20 சதவீதம். இதைத் தெரிந்துகொண்டால், அலை குறைவாக வரும்போது முதலில் யாரைச் சந்தேகிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

பழைய காலத்தை ஓட்ட, கடந்தகால வானிலையை மறுபடி கணக்கிட்டுத் தரும் ஈரா5: மணிக்கொரு தரம், 0.25 பாகை, 1940 முதல் கிடைக்கிறது. முன்கணிப்புக்கு அமெரிக்க வானிலை மாடலான ஜிஎஃப்எஸ், ஒரு நாளைக்கு நான்கு சுற்று. 10 மீட்டர் உயரக் காற்றையே எடுங்கள், அதுவும் கிழக்கு-மேற்கு, வடக்கு-தெற்கு என்ற இரண்டு கூறுகளாக. வேகம், திசை என்று மாற்றி இடைச்செருகல் செய்தால் 350 பாகைக்கும் 10 பாகைக்கும் நடுவே 180 வந்து நிற்கும். வடக்குக் காற்று தெற்குக் காற்றாகிவிடும்.

புயல் என்றால் ஈரா5 மட்டும் போதாது. புயலின் கண்ணைச் சுற்றிய உச்சக் காற்று சில பத்துக் கிலோமீட்டர் வட்டத்துக்குள் அடங்கிவிடும். அந்தக் கிரிட்டில் அது மழுங்கிப்போகும். ஹாலண்ட் 1980-இல் கொடுத்த காற்றழுத்தச் சூத்திரம் மாதிரி ஒன்றை வைத்துப் புயல் பாதையிலிருந்து காற்றை உருவாக்கி, வெளியே போகப் போக ஈரா5-இல் மெல்லக் கலக்கச் செய்யுங்கள். கலக்கும் வளையத்தை வரைந்து பாருங்கள், அங்கே காற்று திடீரென்று குதிக்கக்கூடாது.

ஈரா5-இல் அட்சரேகை வடக்கிலிருந்து தெற்காக இறங்கும். தீர்க்கரேகை சில கோப்புகளில் 0 முதல் 360, சிலவற்றில் −180 முதல் 180. நேரம் எல்லாவற்றிலும் உலகப் பொதுநேரம். மிதவைத் தரவு உள்ளூர் நேரத்தில் இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் "மாடல் சில மணி நேரம் முந்துகிறது, என்ன காரணம்?" என்று இயற்பியலுக்குள் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

5. எல்லையில் ஸ்பெக்ட்ரம் கொடுங்கள், ஒற்றை எண்ணை அல்ல

உங்கள் கரையில் வந்து விழும் அலை பல நேரம் உங்கள் கிரிட்டுக்குள் பிறந்ததே இல்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஒரு புயல் கிளப்பியது. ஆழ்கடலில் அலைக்கூட்டம் நகரும் வேகம் விநாடிக்கு 0.78 பெருக்கல் அலைக்காலம் மீட்டர். 15 விநாடி ஸ்வெல் ஒரு நாளில் ஏறக்குறைய 1000 கிலோமீட்டர் கடந்துவிடும். அதனால் உலக மாடலின் வெளியீட்டை உங்கள் கிரிட்டின் விளிம்பில் ஊட்ட வேண்டும்.

இங்கே சோம்பேறித்தனமான வழி, அலை உயரம், உச்சக் காலம் (அதிக ஆற்றல் உள்ள அலைகளின் காலம்), திசை என்று மூன்று எண்களைக் கொடுத்துவிடுவது. ஒரே ஒரு அலைக்கூட்டம் இருக்கும் நாளில் அது ஓடும். மேற்கிலிருந்து உள்ளூர்க் காற்றலையும் தெற்கிலிருந்து ஸ்வெல்லும் சேர்ந்து வரும் நாளில் இரண்டையும் ஒரே கூம்பாக அமுக்கிவிடும். சராசரித் திசை தென்மேற்கு என்று வரும், ஆனால் தென்மேற்கிலிருந்து உண்மையில் ஓர் அலைகூட வராது. முழு இருபரிமாண ஸ்பெக்ட்ரத்தைக் கொடுங்கள். வேவ்வாட்ச் 3-இன் புள்ளி ஸ்பெக்ட்ரத்தை நேரடியாகப் படிக்க ஸ்வானில் பவுண்ட்நெஸ்ட்3 என்ற கட்டளை இருக்கிறது.

திசை விஷயத்தில் ஒன்று. அலை எங்கிருந்து வருகிறது என்று சொல்வது ஒரு மரபு, எங்கே போகிறது என்பது இன்னொன்று. வேவ்வாட்ச் 3-இன் ஸ்பெக்ட்ரக் கோப்பில் திசை என்பது போகும் திசை. ஸ்வானின் இயல்பு மரபோ கார்ட்டீசியன், கிழக்கிலிருந்து இடஞ்சுழியாக எண்ணுவது; மாலுமி மரபு (வரும் திசையை வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணுவது) வேண்டுமென்றால் செட் நாட்டிக்கல் என்று சொல்ல வேண்டும். 180 பாகை தப்பினால் அலை எல்லைக்கு வெளியே ஓடிப்போகும், உள்ளே கடல் தட்டையாகக் கிடக்கும். உடனே தெரிந்துவிடும், நல்லது. 90 பாகை தப்பினால்தான் ஆபத்து, பார்க்க ஏதோ நியாயமாகவே இருக்கும்.

ஸ்வெல் வந்து சேர்வதைத் தரவில் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். காற்றில்லாத நாள், அலை உயரம் 0.6 மீட்டர், உச்சக் காலம் 8 விநாடி. திடீரென்று காலம் 19-க்குத் தாவுகிறது, உயரம் அசையவே இல்லை. புதியவர்கள் இதைக் கருவிப் பழுது என்று அழித்துவிடுவார்கள். ஆனால் நீளமான அலைகள்தான் வேகமாக ஓடுபவை, அதனால் அவை முதலில் வரும். அடுத்த ஒன்றிரண்டு நாளில் காலம் 17, 15, 14 என்று இறங்க இறங்க உயரம் ஏறும். காலம் எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதை வைத்தே புயல் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்றுகூடக் கணக்குப் போடலாம்: வேகமாக இறங்கினால் கிட்டத்தில், மெதுவாக என்றால் வெகுதூரத்தில்.

6. கிரிட், அதிர்வெண், திசை

ஒரே கிரிட்டில் பெருங்கடலையும் கடற்கரையையும் அடைக்க முயலாதீர்கள். பெரிய கிரிட்டுக்குள் சிறியதாக அடுக்குங்கள், ஒவ்வொரு முறையும் இடைவெளியை மூன்றில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்றாகக் குறைத்து. உள்கிரிட்டின் பக்க எல்லைகள் நீங்கள் ஆராயும் இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கட்டும். ஓரங்களில் அலை ஆற்றல் சரியாக வராமல் ஒரு நிழல் விழும்.

திசைக்கு 36 பிரிவு, அதாவது 10 பாகைக்கு ஒன்று, ஆரம்பத்துக்கு நல்லது. குறுகிய ஸ்வெல் தீவுகளுக்கிடையே நுழையும் பகுதி என்றால் 5 பாகை வேண்டும். அதிர்வெண்ணில் கீழ் எல்லையை 0.03 ஹெர்ட்ஸ் அளவில் வையுங்கள். ஏதோ ஏரிக்கு எழுதிய மாதிரிக் கோப்பிலிருந்து 0.1 என்று நகல் எடுத்தவர்களுக்கு 10 விநாடிக்கு மேற்பட்ட ஸ்வெல் முழுவதும் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

7. முதல் ஓட்டம் போரடிக்கட்டும்

எடுத்தவுடன் புயலை ஓட்டாதீர்கள். காற்றை நிறுத்திவிட்டு, எல்லையில் 2 மீட்டர், 12 விநாடி, ஒரே திசை என்று கொடுத்து ஓட்டுங்கள். அலை சரியான பக்கத்திலிருந்து வருகிறதா? தீவுக்குப் பின்னால் நிழல் விழுகிறதா? கரையை நெருங்க நெருங்க அலைமுகடு ஆழக்கோடுகளுக்கு இணையாகத் திரும்புகிறதா? கரையருகே உயரம் ஆழத்தின் ஏதோ ஒரு விகிதத்தில் கட்டுப்படுகிறதா? ஸ்வானின் இயல்பு உடைவு எண், அதாவது உடையும்போது உயரத்துக்கும் ஆழத்துக்கும் உள்ள விகிதம், 0.73. நான்கில் ஒன்று தப்பினாலும் மேலே போகாதீர்கள், 3-ஆம் படிக்கோ 5-ஆம் படிக்கோ திரும்புங்கள்.

அப்புறம் காற்று மட்டும், எல்லை இல்லாமல். அப்புறம் இரண்டும். எது எதைச் செய்கிறது என்று இப்படித்தான் தெரியும்.

உண்மைக் காலத்தை ஓட்டும்போது கடல் தட்டையாகத் தொடங்குகிறது என்பதை மறக்க வேண்டாம். சிறிய பகுதிக்கு ஓரிரு நாள், பெருங்கடலுக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே ஓட்டி, அந்தப் பகுதியை ஒப்பீட்டில் சேர்க்காமல் வெட்டிவிடுங்கள்.

8. சரிபார்ப்பு, அதன் பிறகே திருகல்

முதலில் நேரவரிசையை வரைந்து கண்ணால் பாருங்கள். சராசரிப் பிழை, வர்க்கச் சராசரிப் பிழை, சிதறல் குறியீடு எல்லாம் பிறகு. அமைதியான நாட்கள்தான் ஆண்டில் பெரும்பகுதி, அதனால் மொத்தப் பிழை எண் அழகாக இருந்துகொண்டே புயல் நாளில் மாடல் மண்ணைக் கவ்வலாம். மேல் 5 சதவீத அலைகளுக்குத் தனியாகக் கணக்குப் போடுங்கள்.

உயரம் மட்டும் ஒத்துப்போனால் போதாது, காலமும் திசையும் ஒத்துப்போக வேண்டும். ஒப்பிடும்போது ஒரே அளவைத்தான் ஒப்பிடுகிறீர்களா என்று பாருங்கள். மிதவை சராசரிக் காலத்தைத் தர, மாடலிலிருந்து உச்சக் காலத்தை எடுத்து வைத்துக்கொண்டு "மாடல் அதிகம் காட்டுகிறது" என்பது அன்றாடக் காட்சி. மிதவை இல்லாத திறந்த கடலுக்கு ஜேசன்-3, சென்டினல்-3 போன்ற செயற்கைக்கோள் உயரமானிகள் உதவும், கரைக்கு மிக அருகே மட்டும் நிலத்தின் பிரதிபலிப்பு கலந்துவிடும்.

இப்போது திருகலாம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். வெள்ளலை இழப்பு (ஆழ்கடலில் அலை நுரைத்து உடைவதால் இழக்கும் ஆற்றல்), காற்று இழுவை, கடலடி உராய்வு. ஸ்வானில் ஜான்ஸ்வாப் என்ற உராய்வுச் சூத்திர எண்ணின் இப்போதைய இயல்பு மதிப்பு 0.038. அதை நான்கு மடங்காக்கினால்தான் அளவீட்டோடு ஒத்துப்போகிறது என்றால் உராய்வில் பிரச்சினை இல்லை, ஆழத்தில் இருக்கிறது. ஒரு புயலில் திருகி, வேறொரு புயலில் சோதியுங்கள்.

9. அலையிலிருந்து நீர்மட்டத்துக்கு

கரை ஆபத்து என்பது கூட்டல் கணக்கு: ஓதம், புயல் எழுச்சி, அலை உடைந்துகொண்டிருக்கும்வரை கரையருகே உயர்ந்து நிற்கும் மட்டம், அதற்கும் மேல் ஒவ்வொரு அலையும் ஏறி இறங்கும் உயரம். ஓதத்துக்கு ஃபெஸ், டிபிஎக்ஸ்ஓ மாதிரிகள் உண்டு. காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் மட்டம் சுமார் 1 சென்டிமீட்டர் உயரும். ஆனால் எழுச்சியின் பெரும்பங்கு காற்று தண்ணீரைக் கரைமேல் தள்ளுவதால் வருவது, கடல் எவ்வளவு ஆழமற்றதோ அவ்வளவு அதிகம்.

அலையேற்றத்துக்கு ஸ்டாக்டன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட சூத்திரம் மணற்கரைகளுக்குப் பரவலாகப் பயன்படுகிறது. ஆழ்கடல் அலை உயரத்தையும் அலைநீளத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, கரைச்சரிவோடு சேர்ப்பது அதன் சாரம். ஓர் உதாரணம்: உயரம் 3 மீட்டர், கரைச்சரிவு 0.08. காலம் 7 விநாடி என்றால் இரண்டு சதவீத அலைகள் மட்டுமே தாண்டும் ஏற்றம் சுமார் 1.2 மீட்டர். காலம் 14 விநாடி என்றால் 2.4 மீட்டர். அலை உயரம் ஒன்றுதான், ஏற்றம் இரட்டிப்பு. வெறும் அலை உயரத்தை வைத்து எச்சரிக்கை எல்லை வகுப்பவர்கள் ஸ்வெல் நாளில் கோட்டை விடுவது இதனால்தான்.

இந்தச் சூத்திரம் மணற்கரைக்கு. பாறைத் தடுப்புக்கும் பவளத்திட்டுக் கரைக்கும் அப்படியே போடாதீர்கள். சூத்திரத்தின் ஏற்றத்தில் அலையால் உயரும் மட்டமும் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது, அலையோடு இணைத்து ஓட்டிய எழுச்சி மாடலின் மட்டத்தோடு இதையும் கூட்டினால் இரண்டு முறை எண்ணிவிடுவீர்கள்.

இன்னொரு விஷயம், ஸ்பெக்ட்ர மாடல் காட்டவே காட்டாதது: அலைக்கூட்டங்கள் கரையில் கிளப்பும் அரை நிமிடம் முதல் சில நிமிடம் வரையிலான நீள அலைகள். 2013 நவம்பரில் ஹையான் சூறாவளியின்போது பிலிப்பைன்ஸின் கிழக்கு சமார் கரையில் ஹெர்னானி ஊருக்குள் சுனாமி போன்ற ஒரு நீர்ச்சுவர் புகுந்தது. பவளத்திட்டின் மேல் அலைக்கூட்டங்கள் உடைந்து எழுப்பிய நீள அலை அது என்று பிறகு மாடல்களில் காட்டினார்கள். வெளியே ஆழமான கடல் இருக்கும் கரை, எழுச்சி பெரிதாக வராது என்று நினைக்கும் இடம். இப்படிப்பட்ட கரை உங்களுடையது என்றால் எக்ஸ்பீச்சோ, ஒவ்வொரு அலையையும் தனியாகத் தீர்க்கும் மாடலோ கட்டாயம்.

10. நிலத்தின் மேல்

நீர்மட்டம் 2 மீட்டர், அதற்குக் கீழே உள்ள நிலமெல்லாம் நீலம் என்று வரைவது எளிது, அதனாலேயே எல்லாரும் செய்கிறார்கள். மேட்டுக்குப் பின்னால், கடலோடு தொடர்பே இல்லாத பள்ளத்தையும் அது நிரப்பிவிடும். குறைந்தபட்சம் கடலோடு இணைந்திருக்கிறதா என்ற சோதனையாவது வையுங்கள். அலையேற்றத்தை இப்படி உள்நிலத்துக்கு நீட்டவே கூடாது. ஒரு அலை எட்டிப் பார்க்கும் உயரம் அது, நின்று பரவும் மட்டம் அல்ல.

உயரத்தரவுதான் இங்கே முடிவு செய்யும். விண்ணிலிருந்து ராடாரில் அளந்த எஸ்ஆர்டிஎம் போன்றவை மரத்தின் தலையையும் கூரையையும் நிலம் என்று எடுத்துக்கொள்கின்றன, பிழை சில மீட்டர் வரை போகும். அதை வைத்து அரை மீட்டர் வித்தியாசத்துக்கு வரைபடம் போடுவதில் அர்த்தமில்லை. லேசர் அளவீடு இருந்தால் மட்டும் தெரு வாரியாகப் பேசுங்கள். இல்லையென்றால் மணல்மேட்டின் அடி உயரம், தலை உயரம் இரண்டையும் நேரில் அளந்து, நீர் மேட்டின் அடியைத் தொடாது, மோதும், தாண்டும், மூழ்கடிக்கும் என்று நான்கு நிலைகளாகச் சொல்லுங்கள். உள்ளூர் அலுவலருக்கும் அதுதான் புரியும்.

11. தினமும் ஓட விடுவது

முன்கணிப்பு என்றால் காலையில் காற்றுக்கோப்பு வராத நாளும் உண்டு. அப்போது என்ன செய்வது என்பதை முதல் நாளே ஸ்கிரிப்ட்டில் எழுதுங்கள்: முந்தைய சுற்றின் காற்றை எடுத்து ஓட்டி, வெளியீட்டில் "பழைய காற்று" என்று பெரிதாகக் குறியிட வேண்டும். ஒவ்வொரு ஓட்டமும் முந்தைய ஓட்டத்தின் முடிவு நிலையிலிருந்து தொடங்கட்டும், ஸ்வானில் அதற்கு ஹாட்ஃபைல் இருக்கிறது. அந்தக் கோப்பு கெட்டுப்போனால் மாடல் தட்டைக் கடலிலிருந்து தொடங்கி, முதல் நாள் முழுக்க "அலை அமைதி" என்று சொல்லும். அதைப் பிடிக்க ஒரு சோதனை வையுங்கள்.

ஒற்றை எண்ணை வெளியிடாதீர்கள். மூன்று நாளுக்கு அப்பால் காற்றின் நிச்சயமின்மையே எல்லாவற்றையும் விழுங்கிவிடும். குழும முன்கணிப்பின் (தொடக்க நிலையைச் சற்றே மாற்றிப் பலமுறை ஓட்டிய வானிலைக் கணிப்பு) உறுப்புகளை ஓட்டி, எல்லையைத் தாண்டும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று சொல்லுங்கள். அலை உயரம் என்று நீங்கள் வெளியிடுவது பெரிய மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரிக்கு ஒப்பானது என்பதையும் பயனருக்குச் சொல்லிவிடுங்கள். 10 விநாடி அலைகள் மூன்று மணி நேரம் வந்தால் ஆயிரத்துக்கு மேல் அலைகள், அதில் ஒன்று ஏறக்குறைய 1.9 மடங்கு இருக்கும். 3 மீட்டர் என்று படித்தவர் 5.5 மீட்டர் அலையைப் பார்த்தால் மாடல் பொய் சொன்னது என்றுதான் நினைப்பார்.

அதே மாதிரி "100 ஆண்டு அலை" என்று எழுதினால், அது 30 ஆண்டுக்குள் ஒருமுறையாவது வர 26 சதவீத வாய்ப்பு உண்டு என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். வெளியிட்ட ஒவ்வொரு முன்கணிப்பையும் அழிக்காமல் சேமித்து, மாதம் ஒருமுறை மிதவையோடு ஒப்பிடுங்கள், ஒரு நாள் முன்னால் சொன்னதைத் தனியாக, மூன்று நாள் முன்னால் சொன்னதைத் தனியாக.